ஊக்குவிக்கப்பட்ட உத்தரம்

எங்கள் தெருவில் முதன்முதலாக ஊக்குவிக்கப்பட்டவர் தூரிகைக்காரர். சுவருக்கு வர்ணம் அடிக்கும் தூரிகைகளைச் செய்து விற்று வந்தார். அவருடைய மயிர்க்கட்டுகளில் அந்துப்பூச்சி இருப்பதைக் கண்டு மகிழ்ந்து, பல்லுயிர் நேயக் கைத்தொழில் ஊக்குவிப்பு வாரியம் அவருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் அவரிடம் மயிரும் இல்லை, தூரிகையும் இல்லை. இறக்கிவிட்ட ஷட்டர் மட்டும் இருந்தது. அவர் எங்கே போனார் என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை. கேட்டால் அதையும் யாராவது அக்கறை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்களோ என்று ஒரு பயம்.

வாரியத்தைக் குறை சொல்வதற்கில்லை. அது யாரையும் கட்டாயப்படுத்தியதே கிடையாது. முதலில் ஊக்குவிப்பார்கள். தயங்கினால் இன்னும் கொஞ்சம் ஊக்குவிப்பார்கள். அதற்கும் மசியாதவர் என்றால் வீட்டுக்கே வந்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து ஊக்குவிப்பார்கள். இந்தப் பொறுமை வேறு எந்த அலுவலகத்திலும் கிடையாது.

இரண்டாவதாக அவர்கள் வந்து நின்றது கடைசல் பட்டறை வாசலில். கீழே பட்டறை, மேலே வீடு. கடைசல்காரர் மரத்தைச் சுழலவிட்டு உளி பிடித்துக் கட்டில் கால், நாற்காலிக் கால், பூரிக்கட்டை எல்லாம் கடைவார். அவர் மனைவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மெருகேற்றுவாள். மாடிக்குத் தளம் மரம்தான். அந்தத் தளம் முழுவதையும் ஒரே ஒரு பெரிய உத்தரம் தாங்கிக்கொண்டிருந்தது. அந்த உத்தரத்துக்கு நேர் மேலே கட்டில் போட்டுப் படுத்திருந்தார் மாமனார். லாரி ஓட்டியவர். ஆள் நல்ல கனம். கால் இரண்டும் பேச்சுக் கேட்காமல் போனதிலிருந்து கைத்தடியால் தரையைத் தட்டித்தான் மகளையும் மாப்பிள்ளையையும் கூப்பிடுவார்.

ஊக்குவிப்பு அலுவலர் மென்மையான மனிதர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். மூலையில் கிடந்த கட்டையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

கடைசல் பட்டறை எதுவானாலும் மூலையில் ஒரு வண்டுக்கட்டை கிடக்கும். பால் வற்றாத, ஒன்றுக்கும் உதவாத மரத்துண்டு. மரம் துளைக்கும் வண்டுகள் நல்ல மரத்தை விட்டுவிட்டு இனிப்பான அந்தக் கட்டைக்குப் போய் முட்டையிடும். கட்டை புழுவால் நிரம்பியதும் அதைத் தூக்கி அடுப்பில் வைத்துவிட்டு வேறு கட்டை போடுவார்கள். வெந்நீர் ஆயிற்று, வண்டும் போயிற்று. தொழிலில் இருப்பவர்கள் இதைப் பற்றிப் பேசுவதுகூடக் கிடையாது, பல் தேய்ப்பதைப் பற்றி யாரும் பேசாதது மாதிரி.

அலுவலர் கட்டைக்கு முன்னால் மண்டியிட்டார்.

"இத இவங்களுக்காகவேவா வெச்சிருக்கீங்க?"

கடைசல்காரரின் பட்டறையில் அதுவரை யாரும் மண்டியிட்டதில்லை. வந்தவர்கள் எல்லோரும் விலை குறையுங்கள் என்று கேட்டுத்தான் பழக்கம். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"ஆமாங்க. அதுங்களுக்குன்னே போட்டு வெக்கிறது."

"சாப்பிடறதுக்கா?"

"ஆமாங்க."

மனைவி உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அடுப்பு என்ற சொல் அவர் நாக்கு நுனிவரை வந்தது. அலுவலரின் கண்ணில் தண்ணீர் தளும்புவதைப் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார். விருந்தாளி சந்தோஷமாக இருக்கும்போது எதற்கு என்று நினைத்திருப்பார் பாவம்.

அடுத்த வாரம் கட்டையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். 'இங்கே குடும்பங்கள் வசிக்கின்றன, அமைதி காக்கவும்' என்று ஒரு பலகை வைத்தார்கள். அலுவலர் ஒரு குழாயைக் கட்டையில் வைத்துக் காது கொடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டு, தூங்கும் குழந்தையைப் பார்ப்பவர்போல் விரலை உதட்டில் வைத்தார்.

"சாப்பிடறாங்க."

"கடைசல் மெஷின ஓட்டலாங்களா?" என்று கடைசல்காரர் கேட்டார்.

"தாராளமா ஓட்டுங்க. அவங்க சாப்பிடாத நேரத்துல ஓட்டுங்க."

"எப்பங்க சாப்பிட மாட்டாங்க?"

அலுவலர் மறுபடி குழாயை வைத்துக் கேட்டார். நெடுநேரம் கேட்டார். "அத நாங்க ஆராய்ச்சி பண்ணிட்டிருக்கோம்" என்றார்.

அதோடு மெஷின் நின்றது. இனிமேல் கட்டையை அடுப்பில் வைப்பதைப் பற்றி நினைக்கவே முடியாது. பட்டறையில் இப்போது ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. அரிசியை நகத்தால் கீறுவதுபோல் ஒரு சன்னமான சத்தம். முதலில் அது மூலையிலிருந்து வந்தது. பிறகு மூலையிலிருந்து மட்டும் வரவில்லை.

தட்டில் சாப்பாடு போட்டு வைத்தால், கை கழுவிவிட்டு வருவதற்குள் அதன்மேல் மாவு மாதிரி மரத்தூள் உதிர்ந்திருக்கும். மனைவி அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தன. ஒன்றிரண்டு இல்லை, அம்மை போட்ட முகம் மாதிரி.

மேலே கைத்தடி தட்டியது.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"பின் சக்கரம் எறங்குது மாப்ள. கட்டில் சாயுது."

மாமனாருக்கு எதையும் லாரி பாஷையில்தான் சொல்ல வரும். கடைசல்காரர் ஏறிப் போய்ப் பார்த்தார். கட்டிலின் தலைமாடு இருந்த இடத்தில் தளம் பள்ளமாகியிருந்தது. உருட்டிவிட்ட மாத்திரை டப்பா தானாக அந்தப் பள்ளத்துக்குப் போய் நின்றது.

அவர் வாரிய அலுவலகத்துக்கு ஓடினார். கட்டை தீர்ந்துவிட்டது, வண்டு உத்தரத்துக்கும் மாடிப்படிக்கும் ஏறிவிட்டது, எண்ணெய் பூச அனுமதி கொடுங்கள் என்றார். அலுவலர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் சார். எங்க வாரிய வரலாற்றுலயே இதான் முதல் விரிவாக்கம்."

"மேல ஆள் படுத்திருக்காருங்க. உத்தரம் உளுத்துப் போச்சுன்னா மொத்தமா வந்துரும்."

"உளுத்துப் போகுதுன்னு சொல்றது பழைய பார்வை சார். உங்க உத்தரம் எங்கயும் போகல. அது வேற ஒண்ணா மாறிட்டிருக்கு. அந்த மாற்றத்துல நீங்க ஒரு தடையா இருக்க மாட்டீங்கன்னு எங்களுக்குத் தெரியும்."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். கடைசல்காரருக்கு ஏனோ தூரிகைக்காரரின் ஷட்டர் ஞாபகம் வந்தது.

மறுநாள் மாடிப்படி 'வாழிட வழித்தடம்' ஆயிற்று. அதன் அடியில் ஒருவரை நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அவருக்குப் பதவிப் பெயர் நேய நண்பர். கழுத்தில் விசில் தொங்கியது. படியில் ஒரு நேரத்தில் ஒரே ஒருவர்தான் ஏறலாம், இறங்கலாம் என்பது விதி. கடைசல்காரர் மாமனாரை முதுகில் சுமந்து கீழே கொண்டுவரப் பார்த்தார். நண்பர் விசில் ஊதினார்.

"தூக்கிட்டு வந்தா ரெண்டு பேர் கணக்குங்க."

"அவரால நடக்க முடியாதுங்க."

"அது புரியுதுங்க. அவர் தனியா வரட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"மீறி எறக்கினா என்ன பண்ணுவீங்க?" என்று மனைவி கேட்டாள்.

நண்பர் சங்கடப்பட்டார். "நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்மா. நான் நண்பர்தானே. எழுதி அனுப்புவேன், அவ்வளவுதான். தூரிகைக்காரரப் பத்தியும் நான்தான் எழுதினேன்."

அப்பாவை மறுபடி கட்டிலில் விட்டார்கள். சாப்பாட்டைக் கூடையில் வைத்து, கயிறு கட்டி ஜன்னல் வழியாக மேலே இழுத்துக்கொள்ளச் செய்தார்கள். "பொறந்த வீட்டுலகூட எனக்கு இவ்வளவு மரியாதை கெடைக்கல" என்று மாமனார் ஜன்னலிலிருந்து தெருவைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் சிரித்தோம். சிரித்துவிட்டு அவரவர் வீட்டு உத்தரத்தைப் போய்ப் பார்த்துக்கொண்டோம்.

கடைசல்காரர் சும்மா இருக்கவில்லை. முற்றிய மரத்தில் ஒரு முட்டுத்தூண் செதுக்கினார். மெஷின் போடக்கூடாது என்பதால் கையாலேயே செதுக்கினார். அதை உத்தரத்துக்கு அடியில் கொடுத்துவிட்டால் போதும், தளம் நிற்கும். தூணைப் பார்த்த அலுவலர் ரொம்ப நேரம் தடவிக் கொடுத்தார்.

"முட்டுக் கொடுக்கறது தலையீடு சார். பாரம் ஏறின மரந்தான் அவங்களுக்கு மென்மையா இருக்கும். ஆனா எவ்வளவு நேர்த்தியான தூண். இத நாங்க வீணாக்க மாட்டோம்."

அவர்கள் அதை வீணாக்கவில்லை. கடைசல்காரருக்கு அறிவித்த விருதின் விழாவுக்குத் தெருவில் போட்ட பந்தலுக்கு அந்தத் தூணைத்தான் நட்டார்கள். வாரியத் தலைவர் அம்மா உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலே பந்தல் அசையாமல் நின்றது.

விருதை ஏன் பட்டறைக்குள் கொடுக்கவில்லை என்று பிரம்பு நாற்காலி பின்னுபவர் கேட்டார். எங்களில் அவருக்குத்தான் வாய் கொஞ்சம் நீளம். பார்வையாளர்களின் பாதுகாப்பை வாரியம் எப்போதும் முதன்மையாகக் கருதுகிறது என்று அலுவலர் பதில் சொன்னார். பட்டறை வாசலில் சிவப்பு நாடா கட்டினார்கள். வசிப்பவர்கள் மட்டும் உள்ளே, மற்றவர்கள் எல்லோரும் தெருவின் எதிர்ப்பக்கம்.

விழா நாள் காலையில் உத்தரம் முனகியது. கடைசல்காரர் அண்ணாந்து பார்க்கும்போதே அது நடுவில் ஒரு கையளவு இறங்கியது. மேலே மாமனாரின் கட்டில் நகரும் சத்தம் கேட்டது. கடைசல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, தோளை உத்தரத்துக்குக் கொடுத்தார். இறக்கம் நின்றது. அவராலும் இனி அந்த இடத்தைவிட்டு நகர முடியாது.

மனைவி வாசலுக்கு ஓடினாள்.

"ஐயா, உத்தரம் எறங்கிருச்சு. எங்கப்பா மேல இருக்காரு. ரெண்டு பேர் வந்தா அவரத் தூக்கிரலாம்."

அலுவலர் நாடாவுக்கு வெளியே நின்றபடியே எட்டிப் பார்த்தார். தோளில் உத்தரத்தோடு நிற்கும் கடைசல்காரரைக் கண்டதும் கைகூப்பினார்.

"என்ன ஒரு காட்சி. இயற்கையைத் தோள்ல சுமக்கிற கைவினைஞர். எங்க தலைவர் அம்மா வர்றவரைக்கும் இப்படியே நிக்கச் சொல்லுங்க."

"எங்கப்பா மேல இருக்காருங்க."

அலுவலர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "எங்க மதிப்பாய்வுல இந்தக் கட்டடத்துல மனுஷங்க ரெண்டு பேர்தாம்மா. மாடிய எண்ணல."

"ஏன் எண்ணல?"

"படி பாதுகாப்பா இல்லன்னு எங்க ஆள் ஏறலம்மா."

அவள் பட்டறைக்குள் திரும்பினாள். தானே அப்பாவைத் தூக்கிவிடலாம் என்று ஏறிப் போய்க் கட்டிலோடு மல்லாடிவிட்டு, முடியாமல் இறங்கி வந்தாள். எங்களைக் கூப்பிட்டிருந்தால் நாங்கள் ஓடிப் போயிருப்போமா? நாடா இருந்தது, வாரியத்தின் நேய நண்பர்கள் வரிசையாக நின்றார்கள், அவர்கள் கையில் பேனா இருந்தது. நாங்கள் எதிர்ப்பக்கத்தில் நின்று, கடைசல்காரரின் கால் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தலைவர் அம்மா வந்தார். மைக்கைப் பிடித்தார்.

"மனிதன் என்ன நெனைக்கிறான்? வீடு தனக்குன்னு நெனைக்கிறான். தொழில் தனக்குன்னு நெனைக்கிறான். கூரையும் தனக்குன்னு நெனைக்கிறான். நான் எங்க வீட்டுல பூச்சி மருந்து அடிக்கும்போதெல்லாம் இந்த மாதிரி எளிய மனிதர்களத்தான் நெனச்சுக்குவேன். நம்மால முடியாதத அவங்க செய்யறாங்களேன்னு மனசு நெகிழ்ந்துபோகும்."

நண்பர்கள் கை தட்டினார்கள். படிக்கடியில் இருந்த நண்பரும் தட்டுவதற்காக வெளியே வந்திருந்தார். அடுத்து விருதுப் பலகையை நிறுவுவார்கள் என்று அறிவித்தார்கள். விருது கருங்கல்லில் செய்தது. பிளாஸ்டிக் கூடாது என்பது வாரியத்தின் கொள்கை. அதை எங்கே மாட்டுவது என்பதில் வாரியத்துக்குச் சந்தேகமே இருக்கவில்லை. சாதனை எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான்.

ஆணியடிக்க ஒரு கூலியாளை உள்ளே அனுப்பினார்கள். அவர் ஏணியைச் சாத்தி ஏறி, ஆணியின் நுனியை உத்தரத்தில் வைத்தார். சுத்தியலை ஓங்குவதற்கு முன்பே ஆணி, அவர் விரல் பட்ட அளவிலேயே, தலை வரைக்கும் உள்ளே போய்விட்டது. இன்னொரு ஆணியை எடுத்து வைத்தார். அதுவும் அப்படியே போயிற்று. அவர் குனிந்து கடைசல்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, மேல யாராச்சும் இருக்காங்களா?"

"என் மாமனார்."

"எங்கிட்ட யாரும் இல்லன்னு சொன்னாங்களே."

"இருக்காரு தம்பி."

மேலே தடி தட்டியது. ஆணியடிப்பவர் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியிலிருந்து இறங்கினார். மெருகு மேஜையை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறி, தன் தோளையும் உத்தரத்துக்குக் கொடுத்தார்.

"நீங்க போய் அவரத் தூக்கிட்டு வாங்கண்ணே. சீக்கிரம்."

"அடிங்க, ஏன் நிறுத்திட்டீங்க?" என்று அலுவலர் வெளியிலிருந்து கேட்டார்.

கடைசல்காரர் மாடிக்குப் போய் மாமனாரை முதுகில் ஏற்றிக்கொண்டார். மனைவி பின்னாலிருந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டாள். படி ஒவ்வொன்றும் மிதித்த பிறகு ரொட்டிபோல் நொறுங்கியது.

"ரெண்டு பேர் கணக்கு மாப்ள" என்றார் மாமனார்.

"மூணு பேருப்பா, பேசாம வாங்க" என்றாள் மகள்.

நாடாவுக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார்கள். தலைவர் அம்மா பேசுவதற்காக எழுந்து நின்றிருந்ததால் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. கடைசல்காரர் மாமனாரை அதில் உட்காரவைத்தார். பிரம்புக்காரர் ஓடிவந்து விசிறினார். அவர் ஓடியதைப் பார்த்து நாங்களும் நாலைந்து பேர் ஓடினோம். அவ்வளவு நேரம் எங்கள் கால்கள் எங்கே போயிருந்தன என்று தெரியவில்லை.

அலுவலர் மாமனாரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மறுபடி மாமனாரைப் பார்த்தார். "இவர் எங்கேர்ந்து வந்தாரு?" என்றார்.

கடைசல்காரர் அதற்குள் திரும்பி வாசலுக்குப் போயிருந்தார். நாடாவுக்கு முன்னால் இரண்டு நண்பர்கள் நின்றார்கள்.

"உள்ள போக முடியாதுங்க" என்றார் ஒருவர். "நீங்க வெளிய வந்துட்டீங்க. இப்ப நீங்க பார்வையாளர். பார்வையாளர் பாதுகாப்பு எங்க பொறுப்பு."

"உள்ள ஒருத்தர் நிக்கறாருங்க."

"தெரியும். ஒருத்தர் நின்னா போதுங்க, படம் எடுத்துரலாம்."

உள்ளேயிருந்து ஆணியடிப்பவரின் குரல் வந்தது. கத்தவில்லை. பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலத்தான் கூப்பிட்டார்.

"அண்ணே. தோள் வழுக்குதுண்ணே."

கடைசல்காரர் நண்பர்களை விலக்கவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் நுழைந்து நாடாவை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். விசில் சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து உள்ளே மரம் முறிகிற சத்தம் கேட்டது. மாடி முழுவதும் அவசரமில்லாமல், களைத்த ஆள் உட்காருவதுபோல் கீழே உட்கார்ந்தது. வாசல் வழியாக வெளுத்த தூள் புரண்டு வந்து தெருவை மூடியது. பக்கத்தில் நிற்பவரின் முகம் தெரியவில்லை. நாங்கள் இருமத் துடித்த வாயைத் துணியால் பொத்திக்கொண்டோம்.

தூளுக்குள்ளிருந்து தலைவர் அம்மாவின் குரல் மைக்கில் வந்தது.

"இந்தக் கட்டடம் இன்று முழுமையாகப் பல்லுயிர்களுக்கு ஒப்படைக்கப்பட்டது. எங்கள் மதிப்பாய்வின்படி வசிப்பவர்கள் இருவரும் முன்கூட்டியே வெளியே வந்துவிட்டார்கள். மனித இழப்பு இல்லை என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் தொடங்கியது. நண்பர்கள் தூளுக்குள் நின்றபடியே தட்டினார்கள்.

"ஏங்க" என்று கூப்பிட்டாள் மனைவி. பட்டறை இருந்த பக்கமாகக் கைகளை நீட்டிக்கொண்டு நடந்தாள். "ஏங்க. தம்பி."

அலுவலர் அவளருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "சத்தம் போடாதீங்கம்மா. அவங்க மிரண்டுபோயிருப்பாங்க."

"கை தட்டறத நிறுத்தச் சொல்லுய்யா" என்றாள் அவள்.

அவள் முகத்தில் அவர் என்ன கண்டாரோ, கையை உயர்த்தினார். கைதட்டல் ஒவ்வொன்றாக அடங்கியது. தெருவில் அத்தனை பேர் நின்றும் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மரக்குவியலுக்கு அடியில் எங்கேயோ ஒருவர் இருமினார். வறண்ட, ஆழமான இருமல். அது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. பிரம்புக்காரர் உத்தரத்தின் ஒரு முனையைப் பிடிக்க, நாங்கள் மற்ற முனைக்குப் பாய்ந்தோம்.

அவள் மட்டும் நகரவில்லை. உள்ளே இருந்தது இரண்டு பேர், கேட்டது ஒரே இருமல். அவள் கையை உயர்த்தி எங்களையும் நிறுத்திவிட்டு, இன்னொரு இருமலுக்காகக் காது கொடுத்து நின்றாள்.